திரும்பி வராத 560 பேர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு தொண்டு நிறுவனத்தில் நிதி திரட்டும் பிரிவுக்குப் பொறுப்பேற்று ஐந்து மாதங்கள் ஆகின்றன. எனக்கு ஓர் உதவியாளர் மட்டும் இருக்கிறார். சென்ற ஆண்டு 900 பேர் நன்கொடை தந்திருக்கிறார்கள். அவர்களில் இந்த ஆண்டும் தந்தவர்கள் 340 பேர்தான். இயக்குநரும் நிர்வாகக் குழுவும் புதிய ஆட்களைப் பிடிக்கச் சொல்கிறார்கள், பெரிய விழா ஒன்று நடத்தச் சொல்கிறார்கள். குழுவிலுள்ள ஒன்பது பேரில் யாரும் யாரிடமும் பணம் கேட்கத் தயாரில்லை. வசூலில் பத்து சதவீதம் கமிஷன் கொடுத்து ஓர் ஆலோசகரை அமர்த்தலாம் என்றும் பேச்சு இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

ம.

அன்புள்ள ம.,

திரும்பி வராத அந்த 560 பேரிடமிருந்து தொடங்குங்கள். புதியவர்களைத் தேடுவது அதற்குப் பிறகுதான்.

இயக்குநரிடம் இதை வெறும் வாதமாகச் சொன்னால் எடுபடாது. ஒரு தாளில் கணக்காகப் போட்டுக் காட்டுங்கள். ஆண்டுதோறும் 38 சதவீதம் பேர் மட்டும் தங்கினால், 900 பேரில் மூன்றாண்டு கழித்து மிஞ்சுவது ஏறத்தாழ 50 பேர். 60 சதவீதம் தங்கினால் 190 பேருக்கு மேல். நடப்பில் சரிவு இவ்வளவு செங்குத்தாக இருக்காது. முதல் முறை தந்தவர்களே அதிகம் விலகுவார்கள், பல ஆண்டுகள் தந்தவர்கள் எளிதில் விலகமாட்டார்கள். அதனால்தான் 560 பேரை ஒரே பட்டியலாக வைத்து ஒரே கடிதம் அனுப்புவது வீண்வேலை. மூன்றாகப் பிரியுங்கள்.

முதலில் மாதாந்திர நன்கொடையாளர்கள். இவர்களில் பலர் நிறுத்தியிருக்கவே மாட்டார்கள். கார்டு காலாவதியாகியிருக்கும், வங்கி பணத்தை எடுக்க மறுத்திருக்கும். பணம் இன்னும் போய்க்கொண்டிருப்பதாகவே அவர்கள் நினைத்திருப்பார்கள். பணம் வராமல்போன அதே வாரத்தில் ஒரு போன் செய்தால் போதும், பலர் அன்றே சரிசெய்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்துச் செய்தால் அது புதிதாகக் கேட்பதற்குச் சமம். இனிமேல் கார்டு காலாவதியாவதற்கு 30 நாள் முன்பே செய்தி போகட்டும்.

இரண்டாவது, மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ தந்துவிட்டு நின்றவர்கள். எண்ணிக்கையில் குறைவாக இருப்பார்கள், ஆனால் உங்கள் நேரத்தில் பெரும்பங்கு இவர்களுக்குத்தான். கடிதம் வேண்டாம், நீங்களே பேசுங்கள். முதல் அழைப்பில் பணம் கேட்காதீர்கள். 'இத்தனை ஆண்டுகள் எங்களோடு இருந்தீர்கள், நாங்கள் ஏதாவது தவறவிட்டோமா?' என்று கேட்டுவிட்டு அவர்களைப் பேச விடுங்கள். பெயரைத் தப்பாக அச்சிட்டிருப்பீர்கள், முகவரி மாறியது தெரிந்திருக்காது, ஒரு திட்டத்துக்கென்று தந்த பணம் என்னவாயிற்று என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். காரணம் பெரும்பாலும் இப்படிச் சிறியதாகவே இருக்கும். கேட்டதை அன்றே ஒரு வரியில் பதிவு செய்யுங்கள்.

மூன்றாவது, ஒரே ஒரு முறை தந்தவர்கள். இவர்களில் பெரும்பாலோர் திரும்பமாட்டார்கள், ஒரு நல்ல கடிதத்தோடு விட்டுவிடலாம். இவர்களிடமிருந்து கற்கவேண்டியது இனி வரும் முதல்முறை நன்கொடையாளர்களுக்கு உதவும். பணம் வந்த 48 மணி நேரத்துக்குள் ஒரு மனிதர் எழுதிய நன்றி போகவேண்டும். ரசீதை அனுப்பிவிட்டு அதையே நன்றியாகக் கணக்கு வைப்பது மிகப் பரவலான தவறு. அடுத்த 60 முதல் 90 நாட்களுக்குள், எதுவும் கேட்காமல், அந்தப் பணத்தால் என்ன நடந்தது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அதன் பிறகே இரண்டாம் முறை கேட்கலாம்.

அந்தப் பக்கத்தை ஒருவரைப் பற்றி எழுதுங்கள். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், புள்ளிவிவரத்தைப் படித்தவர்களைவிட ஒரே ஒரு குழந்தையைப் பற்றிப் படித்தவர்கள் அதிகம் தந்தார்கள். அதே குழந்தையின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்தபோது தொகை குறைந்தது. எண்களை ஆண்டறிக்கைக்கு வைத்துக்கொள்ளுங்கள். யாரைப் பற்றி எழுதுகிறீர்களோ அவருடைய சம்மதம் இல்லாமல் ஒரு வரிகூட வெளியே போகக்கூடாது.

அடுத்து நிர்வாகக் குழு. பணம் கேட்க மாட்டோம் என்பவர்களிடம் கேட்கச் சொல்லி மல்லுக்கட்டாதீர்கள். நன்றி சொல்லச் சொல்லுங்கள். ஆளுக்கு மாதம் ஐந்து பெயர் என்றால் ஒன்பது பேர் 45 நன்கொடையாளர்களிடம் பேசிவிடுவார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சிறு குறிப்பு கொடுங்கள்: எத்தனை ஆண்டுகளாகத் தருகிறார், எதற்காகத் தந்தார், கடைசியாக எப்போது. பேச வேண்டியது மூன்று வாக்கியம், நான்காவதாகப் பணப் பேச்சு வரவே கூடாது. பட்டியல் கொடுக்குமுன் இறந்தவர்கள், தொடர்புகொள்ள வேண்டாம் என்றவர்கள் பெயரை நீக்கியாக வேண்டும். இறந்தவரின் வீட்டுக்கு ஒரு முறை அழைத்துவிட்ட குழு உறுப்பினர் மறுபடி போனைத் தொட மாட்டார். நான்கைந்து மாதம் இப்படிப் பேசினால், அவர்களில் ஓரிருவர் தாமாகவே 'இவரிடம் கேட்கும்போது நானும் வருகிறேன்' என்பார்கள். அப்படி வருபவரோடு சேர்ந்து போங்கள். தொகையை நீங்கள் சொல்லுங்கள். 'உங்களால் முடிந்ததை' என்று கேட்கக்கூடாது, குறிப்பிட்ட வேலை, அதற்கான குறிப்பிட்ட தொகை. சொன்னபின் இருவரும் வாய் திறக்காதீர்கள். அந்த அமைதி தாங்காமல் நாமே தொகையைக் குறைத்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது.

விழா பற்றி: மண்டபம், உணவு, அச்சு மட்டுமே செலவு என்று கணக்கிடாதீர்கள். நீங்களும் உதவியாளரும் அதற்குச் செலவிடும் வாரங்களின் சம்பளத்தையும் சேர்த்து, நிகர வருமானத்தைக் காட்டுங்கள். நண்பர் அழைத்ததால் வந்தவர் நண்பருக்காக வந்தவர், அடுத்த ஆண்டு அவரைத் தேடிப் பிடிக்க இன்னொரு விழா வேண்டும். நடத்தியே ஆகவேண்டும் என்றால், மூன்றாண்டுக்கு மேல் தந்தவர்களில் 40 பேரை மட்டும் உங்கள் பணி நடக்கும் இடத்துக்கே அழையுங்கள்.

கமிஷன் வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் 1960இல் தொடங்கிய நிதி திரட்டும் தொழில்முறையாளர்களின் சங்கமான ஏ.எஃப்.பி.யின் ஒழுக்க விதிகள் சதவீத அடிப்படையிலான ஊதியத்தைத் தடை செய்கின்றன. காரணம் எளிது. சதவீதம் வாங்குபவருக்கு இன்றே கிடைக்கும் சிறு தொகைதான் லாபம், இரண்டு ஆண்டு பொறுத்தால் வரக்கூடிய பெரிய நன்கொடையில் அவருக்கு அக்கறை இருக்காது. தன் பணத்தில் பத்தில் ஒரு பங்கு தரகாகப் போனது நன்கொடையாளருக்குத் தெரியவந்தால், அந்தப் பேச்சை எதிர்கொள்வது ஆலோசகர் அல்ல, நீங்கள். ஆலோசகர் அவசியமென்றால் வேலையையும் காலத்தையும் வரையறுத்து நிலையான கட்டணம் பேசுங்கள்.

குழுவின் அடுத்த கூட்டத்துக்கு மூன்று எண்கள் மட்டும் கொண்டுபோங்கள்: மீண்டும் தந்தவர்களின் சதவீதம், 48 மணி நேரத்துக்குள் நன்றி போன நன்கொடைகளின் சதவீதம், மீட்கப்பட்ட மாதாந்திர நன்கொடைகளின் எண்ணிக்கை. மூன்றாவது எண் முதல் மாதத்திலேயே அசையும். முதல் எண்ணுக்கு ஓராண்டு பிடிக்கும், அதை இப்போதே சொல்லிவிடுங்கள்.