ராலி அடிக்கணுமா? கேளுங்க, சொல்றேன்

ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் போய் கைட் சர்ஃபிங் (பெரிய பட்டம் இழுக்க, காலில் பலகையோடு தண்ணீரில் சறுக்குவது) பழகி வந்த நம்ம கொங்கு ஆட்கள் ரொம்ப நாளாக அதில் ராலி என்கிற வித்தையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் போட்டிருக்கிறேன். அடிப்படை பழகாதவர்கள் இதைப் படித்துவிட்டு நேராகக் கடலில் இறங்க வேண்டாம்.

பீளமேடு: அண்ணா, இடுப்புப் பட்டை ஹூக்கில் கைட்டை மாட்டியபடி நல்ல உயரம் குதிக்கிறேன், பின்னாடி சுழல்ற பேக் ரோலும் வருது. அடுத்தது ராலிதானே?

உயரமாகக் குதிப்பது வேறு, ராலி வேறுங்க. நீங்கள் இப்போது குதிப்பது கைட்டைத் தலைக்கு மேல் வீசி, அது தூக்குகிற தூக்கில். ராலியில் கைட் மேலே வரவே கூடாது. தலைக்கு நேர் மேலே பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொண்டால் வலது பக்கம் போகும்போது ஒன்று, ஒன்றரையில், இடது பக்கம் போகும்போது பத்தரை, பதினொன்றில் அசையாமல் நிற்க வேண்டும். படகு கயிற்றால் இழுக்கப் பலகையில் போகிற வேக்போர்டிலிருந்து வந்தது இந்த வித்தை. அங்கே கயிறு தாழ இருந்துதான் இழுக்கும், அதனால் இங்கேயும் கைட் தாழத்தான் இருக்கணும். ஹார்னஸ் என்கிற அந்த இடுப்புப் பட்டையிலிருந்து கழற்றி, பாரை, அதாவது கைப்பிடிக் கம்பியை, கையில் மட்டும் பிடித்து, உடம்பை முழுசாக நீட்டி, பலகை முதுகுக்குப் பின்னால் தலை உயரத்துக்குப் போகிற அந்த ஒரு நொடிதான் ராலி. இப்போதைக்கு ஹூக்கைக் கழற்றாதீர்கள். கைட்டை அசைக்காமல் பலகையின் விளிம்பை மட்டும் வைத்து ஒரு சின்னக் குதி வருகிறதா, காற்றுக்கு எதிராக ஏறி கிளம்பின இடத்துக்கே திரும்ப முடிகிறதா என்று பாருங்க. இரண்டும் வந்தால் பேசலாம்.

திருப்பூர்: ஹூக்கைக் கழட்டினதும் கைட் பின்னாடி சரிஞ்சு பொத்துன்னு விழுதுங்க. கைட்ல கோளாறா?

கோளாறு இல்லை, டிரிம் போடவில்லை. ஹூக்கில் இருக்கும்போது பாரைத் தள்ளினால் விசை குறையும், இழுத்தால் கூடும். கழற்றிவிட்டால் பாரை முழுசாக இழுத்துப் பிடித்த நிலை மட்டும்தான் இருக்கும், பின் கயிறுகள் இறுகியே கிடக்கும், கைட் மூச்சுத் திணறிப் பின்னால் விழும். அதனால் கழற்றுவதற்கு முன்பே டிரிம் கயிற்றை இழுத்து விசையைக் குறைத்துவிடுங்க. ஹூக்கில் இருந்தபடியே பாரை முழுசாக உள்ளே இழுத்துப் பாருங்க. அப்போதும் கைட் தளராமல் பறந்தால் அளவு சரி. அப்புறம் குதிக்கவே செய்யாமல் கழற்றுவது, கொஞ்ச தூரம் ஓட்டுவது, திரும்ப மாட்டுவது என்று இதை மட்டும் பழகுங்க. அலுப்பாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, லீஷ், அதாவது உங்களையும் கைட்டையும் இணைக்கிற பாதுகாப்புக் கயிறு. பாரை விட்டால் கைட் ஒற்றைக் கயிற்றில் தொங்கி விசையிழந்து விழுகிற மாதிரி மாட்டியிருக்கணும். லீஷைச் சிக்கன் லூப்பில் (ஹூக்கில் மாட்டுகிற வளையம்) மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்து நீங்களும் அப்படி மாட்டாதீர்கள். பாரை விட்ட பிறகும் கைட் விசையோடு உங்களை இழுத்துக்கொண்டு போகும்.

ஈரோடு: எவ்வளவு முக்கினாலும் காலு பின்னாடி மேல போகவே மாட்டேங்குது. தண்ணியை ஒட்டியே பறந்து விழறேன்.

பத்தில் எட்டுப் பேருக்கு இதுதான். காலை நீங்கள் தூக்குவதாக நினைத்துக்கொண்டு முக்குகிறீர்கள், அதுதான் சிக்கல். உண்டிவில் ரப்பரை இழுத்துப் பிடிக்காமல் கல்லை எப்படி எறிவது? இங்கே ரப்பர் என்பது கயிற்று இறுக்கம், இழுத்துப் பிடிப்பது பலகையின் விளிம்பு. நடுத்தர வேகத்தில் வாருங்க, கொஞ்சம் காற்றுப் போகிற பக்கம் திருப்பி, பாரை இடுப்போடு வைத்துக் கழற்றுங்க, உடனே பின்னங்குதிகாலை அழுத்தி விளிம்பால் காற்றுக்கு எதிராகத் தண்ணீரைக் கடுமையாக அறுங்க. இழுப்பு ஏறிக்கொண்டே போகும், இனித் தாங்காது என்கிற இடம் வரும், அங்கே பின்னங்காலால் ஓர் உதை. அதுக்கு முன்னாலேயே பலகையைத் தட்டையாக விட்டால் சேர்த்த இறுக்கம் எல்லாம் வீண். வேகம் ரொம்ப அதிகமாக வந்தாலும் விளிம்பைப் பிடிக்க முடியாது, வழுக்கும்.

கிளம்பினதும் கையை நீளவிடுங்க. பயத்தில் பாரை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறவர்களுக்கு உடம்பு நீளவே நீளாது, உட்கார்ந்த மாதிரியே போய் உட்கார்ந்த மாதிரியே விழுவார்கள். கை நீண்டால் உங்கள் மேலுடம்பைக் கைட் முன்னால் இழுக்கும், கால் தானாகப் பின்னால் பறக்கும். இவ்வளவும் சரியாகச் செய்தும் வரவில்லையென்றால் யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லுங்க. அனேகமாகக் கைட் பன்னிரண்டு மணிக்கு நகர்ந்திருக்கும்.

கோபி: மேல போறது வருதுங்க, இறங்கும்போது மூஞ்சி தண்ணியில அறையுது.

உச்சியில் இருக்கும்போதே பாரை இடுப்புக்கு இழுங்க. இழுத்தால் பலகை தானாக உங்களுக்குக் கீழே வந்துவிடும், முழங்காலை மடக்கிக்கொண்டால் போதும். பலகையின் மூக்கு காற்றுப் போகிற திசையைப் பார்த்து இறங்கணும். குறுக்காக இறங்கினால் விளிம்பு தண்ணீரில் மாட்டும், அந்த அறைதான் உங்களுக்கு விழுகிறது. ஹெல்மெட்டும் அடி தாங்குகிற இம்பாக்ட் வெஸ்ட்டும் இல்லாமல் பழக வேண்டாம். விழப்போவது உறுதி என்று தெரிந்தால் பாரை விட்டுவிடுங்க, தோள்பட்டை கழன்று ஊர் திரும்புவதைவிட அது மேல்.

பொள்ளாச்சி: எனக்குக் கையில அவ்வளவு பலம் இல்லைங்கண்ணா. பொம்பளைங்க இதைப் பழகலாமா?

தாராளமாகப் பழகலாம்ங்க. கைபலம் இருக்கிறவர்கள்தான் எல்லாவற்றையும் இழுத்தே சமாளிக்கப் பார்த்து மெதுவாகக் கற்றுக்கொள்கிறார்கள். வீட்டில் ஒரு கம்பியில் தொங்கிப் பழகுங்க, தொங்கியபடி காலைப் பின்னால் வீசிவிட்டுக் கம்பியை இடுப்பு நோக்கி இழுக்கிற அசைவைச் செய்து பாருங்க. கிட்டத்தட்ட அதே தசைகள்தான். உங்கள் எடைக்குச் சரியான அளவு கைட் எடுங்க, பெரியது வேண்டாம்.

உடுமலை: ஆடிக் காத்து இங்கேயே ஆளைத் தூக்குது. எதுக்கு ராமேஸ்வரம்? அமராவதி அணையில ஓட்டிப் பார்க்கலாமா?

அமராவதியில் முதலை இருக்குதுங்க! அதை விட்டாலும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று காற்றாலைக்குத்தான் கொண்டாட்டம், நமக்கு இல்லை. மலை, மரம், மேடு என்று முட்டி மோதி வருவதால் ஒரு நொடி இருக்கும், அடுத்த நொடி இருக்காது. விளிம்பில் இறுக்கம் சேர்க்கிற வித்தைக்கு ஒரே சீரான காற்று வேண்டும். நம்ம குளங்களைச் சுற்றி மின்கம்பி வேறு, கைட் கயிறு 20 மீட்டருக்கு மேல். அந்த யோசனையே வேண்டாம்.

நாமக்கல்: எப்போ போறது?

ராமேஸ்வரத்தில் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை தெற்கு, தென்மேற்குக் காற்று, டிசம்பரிலிருந்து மார்ச் வரை வாடை. தீவின் ஒரு பக்கம் அலையடித்தால் மறுபக்கம் தட்டையாகக் கிடக்கும், ராலிக்கு அந்தத் தட்டைத் தண்ணீர்தான் தேவை. காற்று 15 முதல் 20 நாட், அதாவது மணிக்கு 28 முதல் 37 கிலோமீட்டர். அதுக்கு மேல் அடித்தால் அன்றைக்கு ஹூக்கில் ஓட்டிவிட்டு வாருங்க.

அவிநாசி: செகண்ட் ஹேண்ட்ல ஃப்ரீஸ்டைல் பலகை, பூட்ஸ் எல்லாம் வருது. வாங்கிடட்டுமா?

பலகை வாங்கலாம், கொஞ்சம் விறைப்பாக இருந்தால் நல்லது. பூட்ஸ் இப்போது வேண்டாம், காலை மாட்டுகிற சாதாரணப் பட்டையே போதும். பழைய பார் மட்டும் வாங்காதீர்கள், கயிறு சமமாக இருக்காது, ஆபத்தில் கைட்டைக் கழற்றிவிடுகிற ரிலீஸ் உப்பேறி இறுகியிருக்கும்.

காங்கேயம்: ராலி வந்துடுச்சுண்ணா! அடுத்து கைட்டுக்கு முதுகைக் காட்டி இறங்குற பிளைண்ட் லேண்டிங்தானே?

எந்தப் பக்கம் வந்துச்சு? வலது பக்கம் மட்டும்தானே? இடது பக்கமும் அடித்து வீடியோ அனுப்புங்க தம்பி, அப்புறம் பிளைண்ட்.