வற்றிய ஆற்றிலும் வேலை இருக்கிறது: வன்னிக் காட்டாறுகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: நான் பல்கலைக்கழக மாணவி. ஆடி, ஆவணியில் எங்கள் பக்கத்து ஆறு அறுந்து கிடக்கிறது. ஆய்வை மாரிக்குத் தள்ளிப் போடட்டுமா அண்ணை?

பதில்: தள்ளாதீர்கள் தங்கச்சி. கனகராயன் ஆறு, பாலியாறு, பறங்கியாறு எல்லாமே மாரியில் ஓடிக் கோடையில் அறுபடுகிறவைதான். ஓட்டம் நின்றதும் மீனும் ஆமையும் முதலையும் மடுக்களில் ஒதுங்கிவிடும். எந்த மடு எத்தனை கிழமை தாங்குகிறது, கடைசியில் எவை மிஞ்சுகின்றன என்று பதிந்தாலே நல்ல ஆய்வு. விராலும் பனையேறியும் வெளிக்காற்றைச் சுவாசிப்பதால் சேறாகிப் போன மடுவிலும் உயிரோடு கிடக்கும். மற்ற மீன்கள் பலவற்றுக்கு அந்த வசதி இல்லை. மருத மர நிழல் விழும் மடுவையும் வெயிலில் கிடக்கும் மடுவையும் சோடி சோடியாக எடுத்து ஒப்பிடுங்கள். காலையில் வெள்ளனப் போனால் ஈர மணலில் மரை, மான், கரடித் தடங்கள் கலையாமல் இருக்கும். விழுந்த மரத்தில் எச்சம் கண்டால் தடியால் கிண்டிப் பாருங்கள். மீன் செதிலும் நண்டோடும் நிறைந்திருந்தால் பெரும்பாலும் நீர்நாய்தான். மாரியில் கலங்கல் வெள்ளத்துக்குள் இதெல்லாம் எங்கே பார்க்கிறது?

கேள்வி: கருவி வாங்கக் காசில்லை. தண்ணீரின் தரத்தை எப்படி அறிவது?

பதில்: ஓர் அரிதட்டும் வெள்ளை பேசினும் போதும். அடிக்கல்லைக் கிளறி, வருவதைப் பேசினில் விடுங்கள். வயிற்றின் இரு பக்கமும் செவுள் படபடக்க, பின்னால் மூன்று வால் இழையோடு ஒரு குட்டிப் பூச்சி நீந்தினால் அது மேஃபிளை இளம்புழு. பொதுவாக நல்ல அறிகுறி. சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தால் ஒட்சிசன் குறைவு. ஆனால் உடனே வயல் உரத்தில் பழியைப் போடவேண்டாம், தேங்கிய மடுவில் ஒட்சிசன் தானாகவே குறையும். எந்தப் பூச்சிக்கு எத்தனை புள்ளி என்று கூட்டித் தண்ணீரின் தரம் சொல்ல, இங்கிலாந்தின் ஓடும் ஆறுகளுக்கென்று செய்த அட்டவணையை அப்படியே இங்கே போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: மணல் அள்ளினால் ஆற்றுக்கு என்ன? அடுத்த வெள்ளம் கொண்டு வரும்தானே?

பதில்: வெள்ளம் கொண்டுவருவதைவிட வேகமாக டிப்பர் கொண்டுபோகிறது. கோடையில் தண்ணீர் மணலுக்குள்தான் இருக்கும். யானை தோண்டிக் குடிப்பது அதைத்தான். மணல் போனால் மடுவும் முந்தி வற்றும், கரையும் சரியும்.

கேள்வி: தனியாகப் போகலாமா?

பதில்: கூடாது. காட்டைப் பொறுத்து வனவளத் திணைக்களத்திடமோ வனஜீவராசிகள் திணைக்களத்திடமோ முதலில் அனுமதி எடுங்கள். அப்புறம் பாதை தெரிந்த ஊராள் ஒருவரோடு போங்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடியும் வேண்டாம். கரைப் பொந்துக்குள் கை விடவும் வேண்டாம். கோடையில் முதலை அதற்குள் படுத்திருக்கும்.