எட்டு மாதமாக வேலையில்லை: குடியாத்தம் தம்பிக்குப் பதில்

தம்பி, அனிமேஷன் முடித்து எட்டு மாதமாக வேலையில்லை, இணையத்தில் போடும் படக்கதையான வெப்காமிக்கில் ஓர் அத்தியாயத்துக்கு மூன்று வாரம் ஆகிறது, வீட்டில் பேங்க் பரீட்சை எழுதச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். காட்பாடியில் நானும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் அந்த மூன்று வாரத்தைக் குறைக்கலாம். வேலூர்க் கோட்டைதான் கதைக்களம் என்கிறீர்கள். பிறகு ஏன் ஒவ்வொரு கட்டத்திலும் மதிலைப் புதிதாக வரைகிறீர்கள்? மதிலையும் அகழியையும் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஒரே தடவை எளிய மாடலாகச் செய்து வையுங்கள். வேண்டிய கோணத்துக்குக் கேமராவைத் திருப்பி, அந்தப் படத்தின்மேல் கிரிட்டா என்ற வரைதல் மென்பொருளில் கோடு போடுங்கள். இரண்டு மென்பொருளும் இலவசம். வெப்காமிக் வெளியிடும் தளமான வெப்டூன் கேன்வாஸில் படத்தின் அகலம் 800 பிக்சல்தான். போனில் பார்ப்பவருக்காகக் கல் கல்லாக இழைக்க வேண்டாம்.

வேலை கேட்கும்போது காட்டும் ஷோரீல் வீடியோவுக்கு நான்கு நிமிடம் ரொம்ப நீளம். ஒரு நிமிடம் போதும், சிறந்த ஷாட் முதலில் வரட்டும். நொடிக்கு 24 ஃபிரேமில், ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் ஐந்து நொடிக்கு 60 படம். அப்படி ஒரே ஒரு நடையை உயிரோடு செய்து காட்டுங்கள்.

அப்புறம், வேலைக்கு எடுக்கும் முன் பணம் தராமல் செய்யச் சொல்லும் அந்த இலவச டெஸ்ட். ஓர் இடத்தில் என்னிடம் பத்து நாள் வேலை வாங்கிவிட்டுப் பதிலே சொல்லவில்லை, இன்னும் வலிக்கிறது. இரண்டு நாளுக்கு மேல் கேட்டால் பணம் கேளுங்கள்.

அப்பாவிடம் ஆறு மாதம் தவணை கேட்டுப் பாருங்கள். கோட்டைப் பக்கங்களை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.