எங்களைக் கதிரை அடுக்கத்தான் கூப்பிட்டார்கள்

அன்புள்ள அக்கா,

நான் திருகோணமலை மாவட்டத்தில் ஒரு அரச ஆஸ்பத்திரியில் சிற்றூழியராக இருக்கிறேன். சொந்த ஊர் மூதூர்ப் பக்கம், மகனின் பள்ளிக்கூடத்துக்காக இப்போது டவுனுக்குக் கிட்ட வாடகைக்கு இருக்கிறோம். சுனாமிக்கு அடுத்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவன், அதனால் எதையும் பார்த்துப் பயப்படுகிற ஆள் இல்லை. அநியாயம்தான் தாங்க முடியவில்லை.

போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரியில் ஊழியர்களின் மன ஆறுதலுக்கு என்று ஒரு பட்டறை வைத்தார்கள். டொக்டர்மார், மிஸ்ஸிமார் எல்லோருக்கும் பெயர்ப்பட்டியல் வந்தது. சிற்றூழியர்களையும் கூப்பிட்டார்கள்தான், எதற்கென்றால் கதிரை அடுக்க, வயர் இழுக்க, பத்தரைக்குத் தேத்தண்ணி கொடுக்க. நான் தட்டோடு கதவடியில் நின்று கேட்டேன். 'பர்ன்அவுட்' என்று திரையில் போட்டு, உடம்பு களைத்துப்போகும், வேலையில் வெறுப்பு வரும், செய்வதில் பிரயோசனம் இல்லை என்று தோன்றும் என்று சொன்னார்கள். எனக்கு மூன்றும் இருக்கிறது. கடைசியில் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுத்து நிரப்பச் சொன்னபோது எங்களுக்குத் தாள் இல்லை. வாந்தியைத் துடைப்பது யார், பெட்பான் எடுப்பது யார், பிரேதத்தைக் கட்டி இறக்குவது யார்? மனம் என்று ஒன்று எங்களுக்கு இல்லையா?

எங்களுக்கு ரோஸ்டர் போடுகிற ஓவர்ஸியரின் கதை வேறு. எனக்கும் அவருக்கும் இப்போது முகம் கொடுத்துப் பேச்சே இல்லை. முந்தி நல்லாக இருந்தவர்தான். பிள்ளைகள் வாட்டுக்கு என்னைப் போட்டால் நான் யாரோடாவது மாற்றிக்கொள்வேன், அதற்குப் பதில் இரண்டு நைட் செய்யக்கூடத் தயார், இதில் அவருக்கு என்ன நட்டம்? உனக்கு மட்டும் தனி ரோஸ்டரா என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டார். ஓவர்டைமிலும் கை வைத்துவிட்டார்.

மிஸ்ஸிமாரைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. நிலாவெளியில் கடலில் மூழ்கிய ஒரு பிள்ளையைக் கொண்டுவந்த அன்று டொக்டர் விடாமல் நெஞ்சை அழுத்திப் பார்த்தார், சரிவரவில்லை. நான் பிரேத அறைக்குக் கொண்டுபோகிறேன், தலைமயிர் எல்லாம் மணல், தாய் ட்ரொலியின் கம்பியைப் பிடித்துக்கொண்டே பக்கத்தில் வருகிறார், "மெதுவாகத் தள்ளுங்கோ தம்பி" என்கிறார், அந்த நேரத்தில் அங்கே ஒரு மிஸ்ஸி போனில் சிரித்துக் கதைத்துக்கொண்டிருக்கிறார். இப்படிப்பட்ட ஆட்களுக்குத்தான் மன ஆறுதல் பட்டறை. நோயாளியின் ஆட்களும் அப்படித்தான், 2022இல் மருந்து இல்லாத நேரம் யாரை ஏசினார்கள்? டொக்டரையா? வாசலில் நிற்கிற எங்களைத்தான்.

புதிதாக ஒரு பொடியன் வந்திருக்கிறான், முதல் தடவை பிரேத அறைக்குப் போய்விட்டு வந்து சத்தி எடுத்தான். பழகிவிடும் என்று சொல்லிவிட்டேன். எனக்கும் அப்படித்தான் பழகியது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. ஆஸ்பத்திரிக் கோபத்தை வீட்டுக்குக் கொண்டுவருகிறேன் என்று மனிசி சொல்கிறாள். இரவில் நித்திரை வருவதற்குக் கொஞ்சம் எடுப்பேன், அதற்கும் சண்டை. மகனை எழுப்புகிறேன் என்று இன்னொரு சண்டை. அவனுக்கு 6 வயது, நித்திரையில் மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் கை வைத்துப் பார்ப்பேன், சரியாகத் தெரியாவிட்டால் எழுப்புவேன், எந்தத் தகப்பனும் செய்வதுதானே. அவன் இப்போது அம்மம்மா வீட்டில் படுக்கப் போகிறேன் என்று அடம்பிடிக்கிறான். அதை விடுங்கோ.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: இந்தப் பாகுபாட்டை யாரிடம் சொல்வது? மேலிடத்துக்கு எப்படி எழுதினால் எடுபடும்? அல்லது இடமாற்றம் கேட்டுப் போய்விடுவதா?

பெயர் வேண்டாம்,
திருகோணமலை

—

அன்புள்ள தம்பி,

'அதை விடுங்கோ' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் விடப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த இடத்தைத்தான்.

மேலிடத்துக்கு எழுத வேண்டியதைப் பிறகு பார்ப்போம். உங்கள் மகன் ஏன் அம்மம்மா வீட்டுக்குப் போகக் கேட்கிறான்? நல்ல நித்திரையில் கிடக்கிற 6 வயதுப் பிள்ளையை இருட்டில் தகப்பன் உலுப்பி எழுப்புகிறார், கண்ணைத் திறந்தால் பயந்துபோன ஒரு முகம் குனிந்து நிற்கிறது, ஒருவேளை சாராய வாடையும் வருகிறது. எந்தத் தகப்பனும் செய்வதுதானே என்று கேட்டீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எந்தத் தகப்பனும் தொட்டுப் பார்ப்பார். சுகமாக இருக்கிற பிள்ளையை மூச்சு நின்றுவிட்டதோ என்று எழுப்புவது அப்படியான காரியம் இல்லை. இந்த விசயத்தில் நான் உங்கள் மனைவியின் பக்கம். அவர் சண்டை பிடிப்பது உங்களோடு இல்லை, உங்களை ஆட்டிவைக்கிற ஒன்றோடு, அது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் சொல்லாவிட்டாலும் உங்கள் கடிதம் அதைச் சொல்கிறது. ஓவர்ஸியர், மிஸ்ஸி, பட்டறை வைத்த ஆட்கள், நோயாளியின் சொந்தக்காரர், மனைவி என்று எல்லோர் மேலும் கோபப்பட்டிருக்கிறீர்கள். ஒருவர் மேல் மட்டும் துளிக் கோபம் இல்லை, ட்ரொலியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்த அந்தத் தாய். அவர் சொன்ன மூன்று சொல்லை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையின் தலைமயிரில் மணல் இருந்தது வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். மிஸ்ஸியைக் குறை சொல்ல வந்த இடத்தில் அந்த மணலுக்கு என்ன வேலை?

இனி ரோஸ்டரை எடுப்போம். முந்தி நல்லாக இருந்த ஓவர்ஸியர் எப்போது மாறினார்? நீங்கள் பிள்ளைகள் வாட்டை மாற்றிக்கொள்ளத் தொடங்கியபோது. ஏன் மாற்றிக்கொள்கிறீர்கள் என்று அவருக்கு நீங்கள் சொல்லவில்லை, உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டதாகவும் எனக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் முன்னால் கேட்டது அவர் பிழை, அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் காரணம் தெரியாத மனிதர் அதை அடம் என்றுதான் எடுப்பார். இடமாற்றம் எடுத்துக்கொண்டு எங்கே போனாலும் அங்கேயும் ஒரு பிள்ளைகள் வாட் இருக்கும்.

கதவடியில் நின்று கேட்ட பர்ன்அவுட்டை உங்களுக்கு உரியது என்று எடுத்துக்கொண்டீர்கள். அந்த மூன்று அடையாளங்களும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2019இல் ஏற்றுக்கொண்ட பதிப்பில், இருக்கின்றன. அங்கேயே அதை நோய் என்று சொல்லாமல், நீண்ட நாள் தீர்க்கப்படாத வேலை அழுத்தத்தால் வருகிற நிலை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு அது இல்லை என்று நான் சொல்லமாட்டேன், இந்தச் சம்பளத்துக்கும் இந்த நைட்டுக்கும் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதற்கு அடியில் வேறொன்று இருக்கிறது. கோரமான ஒரு சம்பவம் இப்போதுதான் நடப்பது போல மனதில் திரும்பி வருவது, அதை ஞாபகப்படுத்துகிற இடத்தையும் வேலையையும் ஒதுக்கி ஓடுவது, ஆபத்து இன்னும் பக்கத்தில் நிற்கிறது என்று எந்நேரமும் காவல் இருப்பது. இந்த மூன்றும் சேர்ந்து கிழமைக் கணக்கில் நீடித்தால் அதை நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடு என்று பார்ப்போம். ஒதுக்குவதும் காவல் இருப்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. திரும்பி வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை, நித்திரைக்கு ஏன் குடிக்க வேண்டியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கடிதத்தை வைத்து நோயின் பெயரை முடிவு செய்ய முடியாது, நேரில் பார்த்து ஒரு வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

நான் வெறும் சிற்றூழியன், எனக்கெல்லாம் இப்படி வருமா என்று நீங்கள் நினைக்கக்கூடும். அமெரிக்க மனநல வைத்தியர்கள் 2013இல் வெளியிட்ட கைநூலில், வேலையின் காரணமாக மனித உடல்களைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கிறவர்களை உதாரணமாகவே எழுதியிருக்கிறார்கள். அது உங்கள் வேலை, தம்பி. பட்டறையில் முன்வரிசைக் கதிரை உங்களுக்குப் போட்டிருக்க வேண்டும். உங்களைத் தேத்தண்ணி கொடுக்க நிறுத்தியது பிழைதான், அதில் உங்கள் கோபம் முழுக்க நியாயம். 2004 மார்கழி 26க்குப் பிறகு இந்தக் கரை முழுக்க மன ஆறுதல் சொல்ல ஆட்கள் வந்தார்கள், நான் கண்ட அளவில், பிரேதங்களைத் தூக்கி அடுக்கிய ஆஸ்பத்திரிச் சிற்றூழியர்களோடு உட்கார்ந்து கதைத்தவர்கள் குறைவு. உங்கள் மூத்தவர்கள் அதைச் சுமந்துகொண்டே வேலை செய்தார்கள், 'பழகிவிடும்' என்று உங்களுக்குச் சொல்லித் தந்ததும் அவர்களாகத்தான் இருக்கும். நீங்கள் இப்போது அதையே அந்தப் பொடியனுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். நாளைக்கே அவனைக் கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, என்ன கண்டாய் என்று கேளுங்கள். அவனுக்கு வந்த சத்தி நல்ல அடையாளம், அதைப் பழக்கிப் போக்கத் தேவையில்லை.

அதே நேரம், அன்று உங்களுக்கும் ஒரு தாள் கொடுத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நினைக்காதீர்கள். ஆட்களைக் கூட்டிவைத்து ஒரே தடவையில் நடந்ததை எல்லாம் சொல்லவைத்து அனுப்புகிற முறையை உலக சுகாதார நிறுவனம் இப்போது பரிந்துரைப்பதில்லை, அது மனவடுவைத் தடுப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. ஊழியருக்கு உதவுவது வேறு: கஷ்டமான மரணத்துக்குப் பிறகு கொஞ்ச நேரம் மூச்சு விட விடுவது, தனியே அனுப்பாமல் இரண்டு பேராக அனுப்புவது, அடுத்த நாள் மேலதிகாரி ஒருவர் 'எப்படி இருக்கிறாய்' என்று கேட்பது, தேவையானவருக்கு ஒழுங்கான சிகிச்சை கிடைக்க வழி செய்வது. மேலிடத்துக்கு எழுதினால் இவற்றைக் கேட்டு எழுதுங்கள், சங்கத்தின் மூலம் நாலைந்து பேர் கையெழுத்தோடு. கதிரை அடுக்கிய கதையை ஒரு வரியில் முடித்துவிடுங்கள்.

அந்த மிஸ்ஸியையும் விட்டுவிடுங்கள். அவர் யாரோடு கதைத்தார், ஏன் சிரித்தார் என்று உங்களுக்குத் தெரியாது. பிள்ளை இறந்த அறையில் இருந்து வெளியே வந்து வீட்டுக்குப் போன் எடுத்து, தன் பிள்ளையின் குரலைக் கேட்டுச் சிரித்த தாதிமாரை எனக்குத் தெரியும். நீங்கள் இரவில் மகனின் மூக்கடியில் கை வைக்கிறீர்கள், அவர் பகலில் போன் எடுத்திருக்கலாம்.

இப்போது அந்தத் தாய். அன்று டொக்டரின் வேலை முடிந்துவிட்டது. பிள்ளைக்கு ஒரு உதவி கேட்க அவருக்கு மிஞ்சியிருந்தது நீங்கள்தான், உங்களிடம்தான் கேட்டார், தம்பி என்று கூப்பிட்டுக் கேட்டார். அந்த ஆஸ்பத்திரியில் அந்தப் பிள்ளைக்குக் கடைசியாக நடந்த பராமரிப்பு உங்கள் கையால் நடந்தது. இதை நீங்கள் பிரேதம் இறக்குகிற வேலை என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது போதாது என்று படுகிறது. மெதுவாகத் தள்ளினீர்களா என்று மட்டும் நீங்கள் எழுதவில்லை. தள்ளியிருப்பீர்கள் என்றுதான் நம்புகிறேன், கை நடுங்கி அவசரமாகத் தள்ளியிருந்தாலும் பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. கிளினிக்கில் அந்த நடைபாதையில் இருந்து கதையைத் தொடங்குங்கள், ஓவர்ஸியரில் இருந்து தொடங்க வேண்டாம்.

எந்தக் கிளினிக் என்றால் மனநலக் கிளினிக்தான். வேலை செய்கிற இடத்தில் தெரிந்த முகங்கள் இருக்கும் என்று கூச்சமாக இருந்தால் மாவட்டத்தில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மனவடுவுக்கென்றே உள்ள பேச்சுச் சிகிச்சைகள் இருக்கின்றன, சில மாதத்தில் நல்ல மாற்றம் வந்தவர்கள் நிறையப் பேர். அதுவரைக்கும் இரவில் தாங்க முடியாமல் வந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு எடுங்கள், எந்த நேரமும் எடுக்கலாம். உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் காத்திருக்க வேண்டாம், உடனே எடுங்கள், மனைவியிடமும் சொல்லுங்கள். கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை, ஆனாலும் குடித்துவிட்டு நித்திரை இல்லாமல் இருக்கிற ஒருவரிடம் நான் கேட்காமல் விடமாட்டேன். குடி நித்திரையைக் கொண்டுவரும், நடு இரவில் பறித்தும் விடும், நீங்கள் விழித்துக்கொண்டு மகனிடம் போவது அந்த நேரமாகத்தான் இருக்கும். நாள்தோறும் குடிப்பவராக இருந்தால் திடீரென்று நிறுத்தாமல், வைத்தியரிடம் அளவைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

மகனைக் கொஞ்ச நாளைக்கு அம்மம்மா வீட்டில் படுக்க விடுங்கள், தண்டனை மாதிரி எடுக்காதீர்கள். முதலில் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: அப்பாவுக்கு இரவில் பயம் வருகிறது, அதற்கு மருந்து எடுக்கப் போகிறேன், உன்னில் ஒரு பிழையும் இல்லை. மனைவியிடம் அதைவிடக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், அந்தப் பிள்ளையைப் பற்றி, மணலைப் பற்றி. வாயால் வரவில்லை என்றால் இந்தப் பதிலைக் காட்டுங்கள். முதல் கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்கள் சொல்ல மறப்பதை அவர் சொல்வார்.