தினம் ஒரு பயணப் படம் போடும் தளம்: எப்படிக் கட்டினேன், எதை இடித்தேன்

கேள்வி இது: "பயணத்தில் எடுக்கும் படங்களைத் தினமும் ஒன்றாகப் போட சொந்தமாக ஒரு இணையதளம் கட்ட ஆசை. எதில் தொடங்குவது? தொடங்கிய பிறகு எதையெல்லாம் மேம்படுத்த வேண்டியிருக்கும்?"

நான் 2017-இல் இப்படி ஒன்றைத் தொடங்கினேன். நடுவில் ஒருமுறை மொத்தமாக இடித்துவிட்டு மறுபடி கட்டினேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இதில் கஷ்டம் தளத்தில் கிடையாது, தினத்தில்தான். நாள் முழுக்க வண்டி ஓட்டிவிட்டு லாட்ஜ் கட்டிலில் விழுந்து கிடப்பீர்கள். போனில் சார்ஜ் 12 சதவீதம், சிக்னல் ஒரு கோடு. அந்த நேரத்தில் இரண்டு நிமிடத்தில் படம் ஏறினால் உங்கள் தளம் வருடக்கணக்கில் ஓடும். இருபது நிமிடம் ஆனால் ஒன்பதாம் நாள் நின்றுவிடும். முகப்புப் பக்கத்தின் அழகை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

என் முதல் தளம் வேர்ட்பிரஸ், கோடு எழுதாமலே தளம் கட்ட உதவும் மென்பொருள். அதில் குறை இல்லை, நான்தான் தப்பாகப் பயன்படுத்தினேன். கேமராவிலிருந்து வந்த 6 எம்பி படத்தை அப்படியே ஏற்றுவேன். ஒரு படம் ஏற்றினால் ஒரு கோப்பு என்று வேறு நினைத்திருந்தேன். வேர்ட்பிரஸ் தன் கணக்கில் சில அளவுகளில் நகல் எடுத்துக்கொள்ளும், தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீம் தன் பங்குக்கு இன்னும் சில எடுக்கும். 400 படம் ஆவதற்குள் நான் வாங்கியிருந்த 3 ஜிபி இடம் தீர்ந்துபோனது. அதைவிடக் கொடுமை, என் தீம் முகப்பிலேயே முழு அளவுப் படத்தைத் தூக்கிப் போட்டது. ஊரில் அம்மாவின் போனில் படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பாதியில் நின்றுவிடும். ஒருநாள் கேட்டார்: "என்னடா, தெனமும் வானத்தையே போடுற?" கீழே இருந்த படகும் கடலும் ஆட்களும் அவருக்கு ஒருநாளும் போய்ச் சேரவில்லை.

2019 ஜனவரியில் பைக்கில் பழவேற்காட்டிலிருந்து கன்னியாகுமரி வரை கடற்கரையோரமாகவே 19 நாள் போனேன். மரக்காணம் உப்பளம், பிச்சாவரம், தரங்கம்பாடி வரை எப்படியோ தினமும் ஒன்று போட்டுவிட்டேன். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் வந்ததும் படுத்துவிட்டது. கஜா புயல் அடித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வழியெல்லாம் தென்னை சாய்ந்து கிடந்தது, சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. 6 எம்பி படம் 80 சதவீதம் ஏறி அறுந்துபோகும், மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். நான்கு நாள் முயன்றுவிட்டு விட்டுவிட்டேன். தேவிபட்டினம், தனுஷ்கோடி, மணப்பாடு எதுவும் அப்போது தளத்தில் ஏறவில்லை.

திரும்பி வந்ததும் முழுதாக மாற்றினேன். இப்போது இருப்பது ஹூகோ. எழுத்துக் கோப்பையும் படத்தையும் கொடுத்தால் வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாக ஆக்கித் தரும் கருவி. டேட்டாபேஸ் இல்லை, ப்ளகின் என்னும் கூடுதல் நிரல்களின் அப்டேட் இல்லை, ஹேக் ஆகிவிடுமோ என்ற பயமும் பெரிதாக இல்லை. ஆனால் ஹூகோவைப் போனில் வைத்து ஓட்டுவது தலைவலி. அதனால் முன்னால் ஒரு டெலிகிராம் பாட் (அனுப்புவதைத் தானாக வாங்கிக்கொள்ளும் நிரல்) வைத்தேன். ராத்திரி படத்தையும் நாலு வரி குறிப்பையும் பாட்டுக்கு அனுப்புவேன். மாதவாடகைக்கு எடுத்த சின்ன சர்வர் ஒன்றில் ஒரு ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) அதை வாங்கி, படத்தின் அளவை மாற்றும் இமேஜ்மேஜிக் வைத்து மூன்று அளவாக வெட்டி, ஹூகோவை ஓட்டி, தளத்தில் ஏற்றிவிடும். அந்த ஸ்கிரிப்டே நூறு வரிக்குள்தான். முதலில் வீட்டுப் பழைய லேப்டாப்பில் ஓடியது. ஊரில் கரண்ட் போனால் அன்றைக்குப் படம் ஏறாது என்பதால் சர்வருக்கு மாறினேன்.

டெலிகிராமில் படத்தை 'போட்டோ' என்று அனுப்பாதீர்கள், 'ஃபைல்' என்று அனுப்புங்கள். போட்டோ என்று போனால் அதைச் சுருக்கிவிடும், எடுத்த தேதி நேரம் இருக்கும் எக்ஸிஃப் தகவலையும் உதறிவிடும். பாட் 20 எம்பி வரைதான் வாங்கிக்கொள்ளும், நம் படம் எதுவும் அந்த அளவைத் தாண்டப்போவதில்லை. சிக்னல் மோசமான ஊர் என்றால் போனிலேயே நீளப் பக்கத்தை 2048 பிக்சலுக்குக் குறைத்து அனுப்புவேன். அரை எம்பி, முக்கால் எம்பிதான் வரும், கோடியக்கரையிலும் போய்விடும்.

கோடு எழுத வராது, கற்றுக்கொள்ளவும் நேரமில்லை என்றால் தாராளமாக வேர்ட்பிரஸிலேயே இருங்கள். அதன் செயலி போனில் நன்றாக வேலை செய்கிறது. படத்தைச் சுருக்கி ஏற்றுங்கள், தேவையில்லாத அளவுகளை அணைத்துவிடுங்கள். என்னைப் போல ஆறு மாதம் தளத்தைக் கட்டிக்கொண்டே இருந்து, பயணம் போகாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

அளவுக் கணக்கு: நான் வைத்திருப்பது 480, 960, 1600 பிக்சல் அகலத்தில் மூன்று. ஏறக்குறைய 40, 120, 300 கேபி. மூன்றும் சேர்ந்து ஒரு நாளைக்கு அரை எம்பிகூட இல்லை, வருடத்துக்கு 170 எம்பிக்குள். தளத்தை வைத்துக்கொள்ள கிட்ஹப் பேஜஸ் என்ற சேவை இலவசமாகக் கொடுக்கும் 1 ஜிபியே ஐந்து வருடத்துக்குத் தாராளமாகப் போதும். கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்துவைக்கும் கிட்டுக்குள் மூலப் படத்தை மட்டும் போடாதீர்கள். பிறகு அழித்தாலும் வரலாற்றில் உட்கார்ந்துகொண்டு இடத்தை அடைக்கும். எந்தத் திரைக்கு எந்த அளவு என்பதை எச்டிஎம்எல்லில் 'எஸ்ஆர்சிசெட்' (srcset) என்று எழுதிவிட்டால் பிரவுசரே பார்த்துக்கொள்ளும். படத்தின் அகலம் உயரம் இரண்டையும் கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால் படம் வந்து சேரும்போது கீழே உள்ள குறிப்பு திடீரென்று குதித்து இறங்கும், படித்துக்கொண்டிருப்பவருக்கு எரிச்சலாக இருக்கும். திரைக்கு வரும்போதுதான் படத்தை இறக்கும் 'லேஸி லோடிங்' நல்லதுதான், ஆனால் பக்கத்தின் முதல் படத்துக்கு அதைப் போடக் கூடாது. பார்க்க வந்ததே அந்தப் படத்தைத்தான்.

எனக்கு அதிகம் தலைவலி கொடுத்தது நேரம். ஹூகோவுக்கு மாறிய புதிதில் காலை 6:30 மணிக்கு எடுத்த படத்தை உடனே போட்டேன், வரவில்லை. மறுபடி போட்டேன், வரவில்லை. பாதி நாள் முட்டிக்கொண்ட பிறகு புரிந்தது. நேர மண்டலம் எழுதாமல் விட்டால் ஹூகோ அதை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்கிறது. யூடிசி 6:30 என்றால் நமக்கு நண்பகல் 12. எதிர்காலத் தேதி போட்ட பக்கத்தை அது இயல்பாக வெளியிடாது. மதியம் வரை என் சூரிய உதயம் எதிர்காலத்திலேயே இருந்தது! பிளஸ் 05:30 என்று சேர்த்ததும் சரியாகிவிட்டது.

அப்புறம் 2023-இல் பினாங்கு போனபோது இன்னொரு கூத்து. போன் தானாக மலேசிய நேரத்துக்கு மாறிக்கொண்டது. கேமரா இந்திய நேரத்திலேயே இருந்தது, இரண்டரை மணி நேரம் பின்னால். ஜார்ஜ் டவுனில் எட்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்ததைப் போனில் எடுத்தேன், எட்டே முக்காலுக்குக் காலித் தட்டைக் கேமராவில் எடுத்தேன். தளத்தில் காலித் தட்டு முதலில் வந்து, அப்புறம் சாப்பாடு வந்தது. இதுகூடச் சிரிப்போடு போகும். ராத்திரி ஒரு மணிக்கு எடுத்த படம் முந்தைய நாளின் பக்கத்துக்குப் போய்விட்டதுதான் உண்மையான பிரச்சினை, ஏனென்றால் என் தளத்தில் முகவரியே தேதிதான். எல்லை தாண்டும் நாளில் முதல் வேலையாகக் கேமரா கடிகாரத்தை மாற்றுங்கள். மறந்துவிட்டால் எக்ஸிஃப்டூல் என்ற கருவி வைத்துப் படங்களின் நேரத்தை மொத்தமாக நகர்த்தலாம்.

முகவரி பற்றி. முதல் தளத்தில் தமிழ்த் தலைப்பையே முகவரியாக வைத்திருந்தேன். பிரவுசரில் அழகாகத் தெரியும். அதை நகலெடுத்து வாட்ஸப்பில் ஒட்டினால் போச்சு. ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியும் சதவீதக் குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக ஒன்பது எழுத்தாக விரியும். 'மதுரை' என்ற ஒரு சொல்லில் ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என ஐந்து இருக்கிறதே, 45 எழுத்தாகிவிடும். நான் அனுப்பிய இணைப்பைப் பார்த்துவிட்டு சித்தப்பா போன் செய்து, "உன் நம்பர்ல இருந்து எவனோ வைரஸ் அனுப்புறான், பார்த்துக்கோப்பா" என்றார். இப்போது 2019/01/22 மாதிரி வெறும் தேதி மட்டும்தான். சின்னது, உடையாது, தலைப்பைப் பிறகு மாற்றினாலும் முகவரி மாறாது.

தேதி என்றால் படம் எடுத்த தேதி, ஏற்றிய தேதி கிடையாது. இது ஒரு பெரிய விடுதலை. விட்டுப்போன நாளைப் பிறகு நிரப்பலாம், நிரப்பாமலும் விடலாம், குற்ற உணர்வு வேண்டாம். கடற்கரைப் பயணத்தில் விட்டுப்போனதையெல்லாம் நான் எட்டு மாதம் கழித்துத்தான் ஏற்றினேன். மொத்தமாக ஏற்றியபோது ஆர்எஸ்எஸ் ஓடையில் (புதுப் பதிவுகளைத் தானாகக் கொண்டுவந்து சேர்ப்பது) படிப்பவர்களுக்கு ஒரே நேரத்தில் பன்னிரண்டு படம் போய்க் கொட்டியது. பழைய தேதிப் படங்களை ஓடைக்கு அனுப்பாமல் இருக்க ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

இருப்பிடத் தகவலில் கவனமாக இருங்கள். என் முதல் படம் வீட்டு வாசலில் கிளம்பத் தயாராக நின்ற பைக். அதற்குள் ஜிபிஎஸ் இருந்தது. முகம் தெரியாத ஒருவர் தெருப் பெயரோடு மின்னஞ்சல் அனுப்பிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. நல்ல மனிதர், எச்சரிக்கத்தான் எழுதியிருந்தார். இப்போது ஸ்கிரிப்ட் எக்ஸிஃப் முழுவதையும் அழித்துவிட்டு, வரைபடத்துக்காக ஆயத்தொலைவை இரண்டு தசம இலக்கத்துக்குச் சுருக்கி வைத்துக்கொள்கிறது. ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் துல்லியம், போதும். தங்கியிருக்கும் ஊரின் படத்தை அந்த ஊரை விட்டுக் கிளம்பிய பிறகே வெளியிடுகிறேன். தனியாகப் போகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

எக்ஸிஃபை அழிக்கும்போது நிறத் தகவலும் சேர்ந்து போகும், ஜாக்கிரதை. ஐபோன் படங்கள் பெரும்பாலும் 'டிஸ்ப்ளே பி3' என்ற விரிந்த நிறவெளியில் இருக்கும். அந்தக் குறிப்பை எடுத்துவிட்டால் நாகப்பட்டினம் துறைமுகத்து ஆரஞ்சுப் படகு பத்து வருடம் வெயிலில் காய்ந்த மாதிரி வெளுத்துத் தெரியும். முதலில் இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிறவெளிக்கு மாற்றிவிட்டு, பிறகு அழிக்க வேண்டும்.

அதே துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்காவைப் படம் எடுத்தேன். "என் மூஞ்சிய எங்க கொண்டு போய்ப் போடுவ?" என்றார். போனில் தளத்தைத் திறந்து காட்டினேன். நிதானமாக நாலைந்து நாள் தள்ளிப் பார்த்துவிட்டு, "போடு, ஆனா இது வேணாம், தலை கலைஞ்சிருக்கு" என்று முடியை ஒதுக்கிவிட்டு நின்றார். இரண்டாவது படம் முதலாவது அளவுக்கு நன்றாக இல்லை. போட்டது அதைத்தான். தளத்தை ஒருவர் கையில் கொடுத்துக் காட்டும்படி வைத்திருப்பதற்கு இது ஒரு காரணம்: முகப்பில் அன்றைய படம் பெரிதாக, கீழே முந்தைய நாள், அடுத்த நாள் என்ற இரண்டு இணைப்பு, அவ்வளவே. முன்பு முப்பது குட்டிப் படங்களைக் கட்டம் கட்டி வைத்திருந்தேன். யாரும் எதையும் நின்று பார்க்கவில்லை.

குறிப்பு எழுதுவதில் சோம்பல் படாதீர்கள். என் பழைய தலைப்புகளைப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது: 'அழகிய மாலை', 'அமைதி', மறுபடியும் 'அழகிய மாலை'. வேதாரண்யம் பக்கம் எடுத்த ஒரு படத்துக்கு 'சாய்ந்த மரங்கள்' என்று மட்டும் போட்டிருந்தேன். இரண்டு வருடம் கழித்து அந்தப் பகுதிக்காரர் ஒருவர், இது எந்த ஊர், யார் தோப்பு என்று எழுதிக் கேட்டார். எனக்கு நினைவில்லை. அன்று ராத்திரி ஊர்ப் பெயரை எழுத முப்பது வினாடி ஆகியிருக்கும். இப்போது ஊர், படத்தில் இருப்பது என்ன, அங்கே காதில் விழுந்தது ஏதாவது ஒன்று என்று மூன்றையும் எழுதாமல் பாட் படத்தை வாங்காதபடி வைத்துவிட்டேன். ஊர்ப் பெயருக்கும் ஒரே எழுத்து முறை வையுங்கள். புதுச்சேரி, புதுவை, பாண்டி என்று மூன்று குறிச்சொல்லில் ஒரே ஊர் சிதறிக் கிடந்ததைச் சேர்க்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

சொந்தத் தளம் எதற்கு, இன்ஸ்டாகிராம் போதாதா என்று கேட்பார்கள். அங்கேயும் போடுங்கள், நானும் போடுகிறேன். ஆனால் இடம் சார்ந்த படங்களுக்கென்றே இருந்த பனோரமியோவை 2016-இல் மூடிவிட்டார்கள். படம் பகிரும் தளமான ஃப்ளிக்கர் 2019-இல் இலவசக் கணக்கை ஆயிரம் படத்தோடு நிறுத்தியது. அதனால் மூலப் படங்கள் என்னிடம் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் இருக்கின்றன, ஒன்று தம்பி வீட்டில். டொமைனை (தளத்தின் முகவரிப் பெயரை) உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் வாங்குங்கள். என் முதல் டொமைனை உதவி செய்த ஒருவர் தன் கணக்கில் வாங்கியிருந்தார். அவர் எண் மாறியது, புதுப்பிக்கும் தேதி கடந்தது, பெயர் போனது. முதல் இரண்டு வருடத்து இணைப்புகள் எல்லாம் இன்றைக்கு எங்கேயோ ஒரு விளம்பரப் பக்கத்தில் போய் நிற்கின்றன.

இன்னும் சரியாகாதவையும் உண்டு. தமிழில் தேடல் ஒழுங்காக வேலை செய்யவில்லை. 'மணப்பாடு' என்று தேடினால் கிடைக்கிறது, 'மணப்பாட்டில்' என்று எழுதிய பக்கம் கிடைப்பதில்லை. இதற்கு யாராவது எளிய வழி வைத்திருந்தால் கீழே எழுதுங்கள். கேட்டவர் எங்கே பயணம், போன் மட்டுமா கேமராவுமா என்று சொன்னால் ஸ்கிரிப்டை அதற்கேற்ற மாதிரி மாற்றித் தருகிறேன்.