45 ஹெச்.பி. டிராக்டர் 6 அடி ரோட்டவேட்டரை இழுக்குமா? எந்தக் கருவிக்கு எத்தனை ஹெச்.பி. என்று எப்படிக் கணக்குப் போடுவது?

டிராக்டர் கையில் இருக்கிறது, ரோட்டவேட்டருக்கு (சுழலும் கத்திகளால் மண்ணைக் கொத்திப் பொடியாக்கும் கருவி) முன்பணம் கொடுக்கப் போகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். 5 அடி வாங்குங்கள். 6 அடியும் ஓடும்; ஆனால் ஏற்கெனவே உழுத இளகிய மண்ணில், நாலு அங்குல ஆழத்துக்குள்தான். காய்ந்த களிமண்ணில் முதல் ஓட்டத்துக்கே இறக்கினால் வண்டி திணறும்.

கணக்கு இதுதான். விற்பனைத் தாளில் பெரிய எழுத்தில் இருக்கும் 45 என்பது என்ஜின் சக்தி. கியர் பெட்டி தாண்டி பி.டி.ஓ. தண்டுக்கு (கருவியைச் சுழற்ற டிராக்டரின் பின்னால் இருக்கும் சுழல் தண்டு) வரும்போது அதில் ஏறக்குறைய 85 சதவீதம்தான் மிஞ்சும், அதாவது சுமார் 38. நடுத்தர மண்ணில் ரோட்டவேட்டரின் ஒவ்வொரு அடி அகலத்துக்கும் 7 முதல் 8 பி.டி.ஓ. ஹெச்.பி. வைத்துக்கொள்ளுங்கள். 5 அடிக்கு 35 முதல் 40 வரை; உங்கள் 38 அதற்குள் வந்துவிடுகிறது. 6 அடிக்குக் குறைந்தது 42 வேண்டும்.

"நான் 6 அடியைத்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது கீழே எழுதுவார்கள். அவர் மண் இளக்கமாக இருக்கலாம், ஆழம் குறைவாக வைத்திருக்கலாம். அதை மறுக்கவில்லை. ஆனால் அவர் மண்ணை வைத்து நீங்கள் பணம் போட முடியாது.

5 அடியில் ஒரு குறை உண்டு. பின்சக்கரத்தின் வெளிவிளிம்பு கருவியைத் தாண்டி நின்றால் சக்கரத் தடம் உழாமல் நிற்கும். பலர் 6 அடிக்குப் போவதே இதனால்தான். சக்கர இடைவெளியைக் குறைத்துப் பூட்டலாம். அல்லது ரோட்டவேட்டரை ஒரு பக்கமாக நகர்த்திப் பொருத்தி ஒரு தடத்தை அழித்து, மறு தடத்தை அடுத்த ஓட்டத்தில் மூடலாம்.

ரோட்டவேட்டருக்கு இழுவை அதிகம் தேவையில்லை. கத்திகள் சக்கரம் சுற்றும் திசையிலேயே சுற்றுவதால் வண்டியை முன்னால் தள்ளவே செய்யும். சுமை முழுவதும் பி.டி.ஓ. மேல்தான். அதனால் மணிக்கு 2, 3 கிலோமீட்டர் வேகம் தரும் கியர் போட்டு, மீட்டரில் 540 (பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) குறியிட்டிருக்கும் என்ஜின் சுற்றில் ஓட்டுங்கள். டீசல் மிச்சம் பிடிக்கும் 540 நிலை உங்கள் வண்டியில் இருந்தால், கனமான வேலைக்கு அதைத் தொடாதீர்கள். என்ஜின் குறைந்த சுற்றில் ஓடுவதால் கிடைக்கும் சக்தியும் குறையும்.

கலப்பைக்குக் கணக்கு வேறு, அங்கே இழுவைதான் பேசும். அகலம் (செ.மீ.) × ஆழம் (செ.மீ.) × மண்ணின் எதிர்ப்பு. மணற்பாங்கான மண்ணுக்குச் சதுர செ.மீ.க்கு 0.2 முதல் 0.3 கிலோ, நடுத்தர மண்ணுக்கு 0.5, கடும் களிமண்ணுக்கு 0.8 என்று போடுங்கள். தலா 30 செ.மீ. அகலத்தில் இரண்டு கொழு (மண்ணைக் கிழிக்கும் முனை) உள்ள, மண்ணைப் புரட்டிப் போடும் வளைபலகைக் கலப்பை 20 செ.மீ. ஆழத்தில் நடுத்தர மண்ணில் இறங்கினால் 60 × 20 × 0.5 = 600 கிலோ இழுவை. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் 600 × 5 ÷ 270 = 11 ஹெச்.பி. (270 என்பது கிலோ இழுவையையும் வேகத்தையும் ஹெச்.பி.யாக மாற்றும் எண்). "அட, 11 தானா?" என்று ஏமாறக் கூடாது. வயலில் என்ஜின் சக்தியில் 55 சதவீதம் அளவுதான் இழுவையாக மாறும். 11-ஐ 0.55-ஆல் வகுத்தால் 20. மேடு பள்ளத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 24. அதே கலப்பை களிமண்ணில் 960 கிலோ இழுவை கேட்கும். அப்போது என்ஜின் 39 ஹெச்.பி. வரை வேண்டும். மண் மாறினதும் தேவை 24-லிருந்து 39-க்குத் தாவுகிறது. ஆனால் விற்பவர்களோ "இந்தக் கலப்பைக்கு இத்தனை ஹெச்.பி." என்று ஒற்றை எண்ணைச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். என்ன மண் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. 41 முதல் 50 ஹெச்.பி. வரை உள்ள டிராக்டர்கள் எல்லாவற்றையும் ஒரே வகையாகப் பேசுவதும், பி.டி.ஓ. சக்தியைத் தாளின் மூலையில் பொடி எழுத்தில் போடுவதும் விவசாயிக்குச் செய்யும் அநியாயம். கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஹெச்.பி. போதும், ஆனாலும் சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்றால் குறை எடையில். பின்சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, கலப்பையைத் தூக்கியபடி 10 சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறது, இறக்கி உழும்போது எவ்வளவு என்று அளந்து பாருங்கள். 50 மீட்டர் 44 ஆனால் வழுக்கல் 12 சதவீதம். அது சரியான அளவு. 15-ஐத் தாண்டினால் பின்னால் எடை ஏற்றுங்கள், அல்லது ஆழத்தைக் குறையுங்கள். முன்பக்கமும் முக்கியம். கருவியைத் தூக்கி நிறுத்திய நிலையில் முன் அச்சில் டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது தங்க வேண்டும். 2,000 கிலோ வண்டிக்கு 400 கிலோ. எடைமேடையில் முன்சக்கரத்தை மட்டும் ஏற்றினால் தெரிந்துவிடும். குறைந்தால் மேட்டில் மூக்கு தூக்கும், ஸ்டியரிங் கேட்காது.

சின்னக் கருவிக்குப் பெரிய வண்டி பூட்டுவதும் ஆபத்துதான். 60 ஹெச்.பி. வண்டியில் 4 அடி ரோட்டவேட்டர் கல்லில் மோதினால் என்ஜின் திணறாது, கருவியின் கியர் பல் உடையும். அதைத் தடுக்கத்தான் டிராக்டரையும் கருவியையும் இணைக்கும் தண்டில் உடைந்து கொடுக்கும் போல்ட்டோ வழுக்கும் கிளட்ச்சோ வைத்திருக்கிறார்கள். போல்ட் அடிக்கடி உடைகிறதே என்று கெட்டி இரும்பில் போட்டுவிடுவதை நிறையப் பேர் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கருவியோடு வந்த அதே தரத்துப் போல்ட்டையே போடுங்கள். பூட்டும்போது அந்த இணைப்புத் தண்டின் நீளத்தையும் பாருங்கள்: தூக்கி இறக்கும் எந்த நிலையிலும் அதன் இரண்டு குழாய்களும் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும், ஆனால் முழுதும் உள்ளே போய் முட்டவும் கூடாது. முட்டினால் டிராக்டர் பக்கத்துப் பேரிங் போய்விடும்.