கல்லூரி வளாகமும் மழைநீரும்: கேள்வி பதில்

ஐப்பசியில் வளாகச் சாலையில் முழங்கால் அளவு தண்ணீர். சித்திரையில் விடுதிக்கு லாரித் தண்ணீர். இது பற்றி வந்த கேள்விகளுக்கு, வளாக வடிகால் வடிவமைப்பில் பணியாற்றும் பொறியாளர் ஒருவர் பதிலளிக்கிறார்.

அக்கா, 'பசுமை உட்கட்டமைப்பு' என்று பாடத்தில் வருகிறது. மரம் நடுவதும் அதில் சேருமா? வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஏன் இதற்குப் பணத்தைக் கொட்டுகின்றன? (கட்டடப் பொறியியல் மாணவி)

மழைநீரை மண்ணும் செடியும் பிடித்து உறிஞ்சும்படி இடத்தை அமைப்பதுதான் பசுமை உட்கட்டமைப்பு. மரமும் நல்லதுதான், தங்கச்சி. ஆனால் மட்டம் தவறினால் எத்தனை மரம் நட்டும் மழைநீருக்குப் பயனில்லை. உங்கள் கல்லூரியின் பூம்பாத்தியைப் போய்ப் பாருங்கள். செங்கல் வரம்பு கட்டி, சாலையைவிட ஓரடி உயர்த்தி, செம்மண் கொட்டி வைத்திருப்பார்கள். மழை பெய்தால் பாத்தி மண் சாலைக்கு வரும். சாலைத் தண்ணீர் பாத்திக்குப் போகாது. அதே பாத்தியைச் சாலையைவிட அரையடி தாழ்த்தி, வரம்பில் இரண்டு இடங்களில் வாய் திறந்துவிட்டால் அது மழைத்தோட்டமாகிவிடும்.

பணம் கொட்டுவதற்குக் காரணம் இயற்கைப் பற்று மட்டுமல்ல. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பழைய பகுதிகளில் கழிவுநீரும் மழைநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. பலத்த மழையில் இரண்டும் கலந்து ஆற்றில் வழியும். இதைக் குறைக்க 2011இல் அந்நகரம் 25 ஆண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டே, தண்ணீர் இறங்காத பரப்பைக் கணக்கிட்டு மழைநீர்க் கட்டணம் வசூலிக்கும் முறையும் வந்துவிட்டது. கூரையும் கார் நிறுத்துமிடமும் ஏராளமாக வைத்திருக்கும் பல்கலைக்கழகத்துக்கு அது சுள்ளென்று உறைக்கும். தண்ணீரைத் தன் எல்லைக்குள்ளேயே பிடித்து வைத்தால் தள்ளுபடி உண்டு. அந்நகரத்திலுள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகம் பழைய டென்னிஸ் ஆடுகளங்கள் இருந்த இடத்தில் 2012இல் 'ஷூமேக்கர் கிரீன்' என்ற திடலைத் திறந்தது. மேலே புல்வெளியும் மழைத்தோட்டமும், அடியில் நீர்த்தொட்டி.

இவையெல்லாம் திறப்பு விழாவன்று அழகாக இருக்கும். நான்கு வருடம் கழித்தும் தண்ணீர் இறங்குமா? (ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறை உதவிப் பொறியாளர்)

சரியான கேள்வி, ஐயா. பிலடெல்பியாவை ஒட்டிய வில்லனோவா பல்கலைக்கழகம் இதைத்தான் ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்தது. 2001இல் வளாகச் சாலை நடுவே இருந்த ஒரு மண் திட்டைத் தோண்டி, அந்த மண்ணோடு மணல் கலந்து திரும்ப நிரப்பி, செடி வைத்தார்கள். சுற்றியுள்ள சாலைகளிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் விழும் மழையின் முதல் ஓர் அங்குலத்தைப் பிடிப்பதே நோக்கம். அங்கே பெய்பவற்றில் பெரும்பாலானவை அதற்குள் அடங்கும் சிறு மழைகள். பல ஆண்டு அளவீட்டில் தண்ணீர் இறங்கும் வேகம் குறைந்ததாகத் தெரியவில்லை. குளிர்காலத்தில் மெதுவாகவும் கோடையில் வேகமாகவும் இறங்கியது. குளிர்ந்த நீருக்குப் பிசுபிசுப்பு அதிகம் என்பதே காரணம்.

அதே வளாகத்தில் ஜல்லி நிரப்பிய உறிஞ்சு பள்ளம் ஒன்றும் அமைத்தார்கள். எவ்வளவு விரைவில் பழுதாகிறது என்று பார்க்க, வேண்டுமென்றே சிறியதாக வெட்டியது. சில ஆண்டுகளிலேயே வண்டல் அடைத்து வேகம் சரிந்தது. ஆகவே, சிறிய குழியின் தலையில் பெரிய பரப்பின் தண்ணீரைக் கட்டக்கூடாது. என் கணிப்பில், செடியின் வேரும் மண்புழுவும் மண்ணைத் திறந்து வைப்பதும் தோட்டத்துக்குக் கூடுதல் பலம்.

கொசு? விடுதியில் டெங்கு வந்தால் பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டியது நான். (விடுதிக் காப்பாளர்)

கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மழைத்தோட்டத்தில் தண்ணீர் இரண்டு நாளைக்கு மேல் நிற்கக் கூடாது. அப்படித்தான் வடிவமைக்க வேண்டும். நின்றால் அது பழுது, உடனே கிளறிச் சரிசெய்யுங்கள். மொட்டை மாடியில் மூடியில்லாத தொட்டியையும் தூக்கியெறிந்த தேநீர்க் குவளைகளையும் முதலில் பாருங்கள், சார்.

எங்கள் கல்லூரி கரிசல் மண்ணில் இருக்கிறது. தண்ணீர் இறங்கவே இறங்காதே? (கோவில்பட்டிப் பக்கத்து ஆசிரியர்)

சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஓரடி அகல, ஆழக் குழி வெட்டுங்கள். நீர் ஊற்றி முழுதும் ஊறவிடுங்கள். மறுநாள் மீண்டும் நிரப்பி, அளவுகோல் ஒன்றை நட்டு, மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று குறியுங்கள். 12 மி.மீ.க்கும் குறைவாக இருந்தால், மணல் கலந்த மண்ணுக்கு அடியில் துளையிட்ட குழாய் பதித்து, மிச்சத்தைக் குளத்துக்கோ கிணற்றுக்கோ கொண்டுபோங்கள். வெடித்த கரிசலில் முதல் மழை மளமளவென்று இறங்கும், அதை நம்பி ஏமாற வேண்டாம். கட்டட அஸ்திவாரத்திலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி வெட்டுங்கள். விரிந்து சுருங்கும் கரிசலில் இன்னும் தள்ளிப்போவது நல்லது.

2015 போல ஒரு மழை வந்தால் உங்கள் பூம்பாத்தி என்ன செய்யும்? (நிர்வாக அலுவலர்)

மூழ்கும். கணக்குப் போடுவோம்: ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். 1,000 சதுர மீட்டர் நிறுத்துமிடத்தில் 25 மி.மீ. பெய்தால் 25,000 லிட்டர், பாத்திகள் சமாளிக்கும். அந்த டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. அதே நிறுத்துமிடத்துக்கு 4,90,000 லிட்டர். அதற்குப் பாத்தி போதாது. குளமும், உபரி நீர் தடையின்றி வெளியேறும் கலங்கலும் வேண்டும்.

பாங்காக்கின் சுலாலாங்கார்ன் பல்கலைக்கழகம் தன் நூற்றாண்டையொட்டி 2017இல் திறந்த பூங்காவைப் பாருங்கள். 11 ஏக்கர் நிலம் முழுவதையும் மூன்று பாகை சாய்த்துவிட்டார்கள். உயர்ந்த முனையில் பசுமைக் கூரைக் கட்டடம், பக்கவாட்டில் நீர்த்தாவரப் படுகைகள், தாழ்ந்த முனையில் குளம். சுமார் பத்து லட்சம் காலன், அதாவது ஏறத்தாழ 38 லட்சம் லிட்டர், தாங்கும் என்கிறார்கள். குளக்கரையில் பொருத்திய சைக்கிள்களை வருவோர் மிதித்தால் தண்ணீர் கலங்கிக் காற்று சேரும். மதகு, கலங்கல், வரத்துக்கால் என்று ஏரி வெட்டிய நமக்கு இதன் கணக்கு புரியாமல் போகாது.

பேவர் பிளாக் போட்டால் தண்ணீர் இறங்கும் என்கிறாரே ஒப்பந்ததாரர்?

அடியில் கான்கிரீட் போட்டிருந்தால் இறங்காது. ஜல்லிப் படுகை போட்டு, இடைவெளியில் சிறு ஜல்லி நிரப்பியிருந்தால் இறங்கும். அதையும் அவ்வப்போது சுத்தம் செய்யாவிட்டால் புழுதி அடைத்துவிடும்.

மாடியில் மண் கொட்டித் தோட்டம் போடலாமா, அக்கா?

10 செ.மீ. தோட்ட மண் நனைந்தால் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 200 கிலோ. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு நம் விதிமுறை வைத்திருக்கும் நடமாட்டச் சுமையே 150 கிலோதான். கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திடாமல் ஒரு கூடை மண்கூட ஏற்றாதீர்கள்.

என்ன செடி வைக்கலாம்? யார் பார்த்துக்கொள்வது? (தோட்ட மேற்பார்வையாளர்)

வெட்டிவேர், கல்வாழை, ஓரத்தில் அருகம்புல். பெரிய பாத்தியென்றால் நீர்மருது. இரண்டு நாள் வெள்ளத்தையும் இரண்டு மாத வறட்சியையும் தாங்காத செடி வேண்டாம். உங்கள் ஆட்களிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: "பாத்தி பள்ளமாக இருக்கிறதே" என்று பரிதாபப்பட்டு மண் கொட்டி மேடாக்கிவிடக் கூடாது. புரட்டாசி முடிவதற்குள் தண்ணீர் நுழையும் வாயில் சேர்ந்திருக்கும் மண்ணையும் சருகையும் அள்ளிவிட வேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அள்ளினால் போதும்; ஒரு ஆளுக்கு அரை நாள் வேலை. அந்தக் கூலியை ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.